விளக்கு வைக்கும் முன் கொடுத்த உறைமோர்

நேற்று மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம். உங்கள் வீட்டு வாசலில் எப்போதும்போலப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானாக அந்தப் பக்கம் வரவில்லை. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரசவ கேஸ். குழந்தை காலையிலேயே பிறந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அது என்னைத் தள்ளிக்கொண்டே வந்து உங்கள் பந்தலில் நிறுத்தியது. யாரோ ஒரு டம்ளரை நீட்டினார்கள். வாய்க்குக் கொண்டுபோனேன். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இளம்புளிப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அது உங்கள் வீட்டு உறை.

டம்ளரை நீட்டியது உன் வீட்டுக்காரர். தலை நன்றாக நரைத்துவிட்டது. வரிசையில் வந்த எத்தனையோ பேரில் ஒருத்தி என்றுதான் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. தெரியாதது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, "மாமி உள்ளே இருக்காங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அவ போய் ஏழு மாசம் ஆச்சும்மா," என்றார். "வருஷம் முடியலை, ஆத்துல பண்டிகை ஒண்ணும் கிடையாது. இதை மட்டும் நிறுத்தப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மாம்பலத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது நான் அழவில்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சேரவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் தருகிறேன். முதலில் என் கோபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். நீ உயிரோடிருந்தபோது சொல்ல நீ இடமே கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. உனக்குக் கணக்கு வராது, எனக்குப் பாட்டு வராது. என் கணக்கை நீ பார்த்து எழுதுவாய். பாட்டு டீச்சர் முன்னால் நான் வாயை மட்டும் அசைப்பேன், பக்கத்தில் நின்று நீ இரண்டு பேருக்குமாகப் பாடுவாய். உனக்குப் பதினாறில் கல்யாணம். நான் நர்ஸ் படிப்புக்குப் போனேன். என் அப்பா தபால்காரர், உன் அகத்துக்காரர் வக்கீல். அதனால் நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், யாரும் இல்லாதபோது 'நீ' என்பேன். இதை நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நீயும் என்னை 'வாங்கோ' என்று வரவேற்று, உங்கள் வீட்டார் உள்ளே போனதும் "சொல்லுடி தனம்" என்று ஆரம்பிப்பாய். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எனக்கு ஒருநாளும் உறுத்தல் இருந்ததில்லை. கதவைச் சாத்தினால் என் சிநேகிதி கிடைப்பாள் என்று இருந்தேன்.

டாக்டர் ரோஸாவை உன்னிடம் அழைத்து வந்தவள் நான்தான். வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூத டாக்டர். பம்பாயில் அவர் கப்பலை விட்டு இறங்கியபோது, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் யூதர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, பெயர்கூடத் தெரியாதவர்களைத் துறைமுகத்துக்கே போய் அழைத்துக்கொண்டு வந்து, தங்க இடம் பார்த்து, துணிமணி கொடுத்து, வேலை தேடிக் கொடுத்தார்களாம். "என் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்ட மனிதரின் பெயரை நான் கேட்கக்கூட இல்லை" என்று ரோஸா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பிறகு பர்மாவிலிருந்து நம் ஜனம் நடந்தே வந்து பட்டணத்தில் குவிந்தது. காலெல்லாம் புண், இடுப்பில் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள். அவர்கள் வந்து ஒண்டியது சாந்தோம் கரையோரம். அங்கேயிருந்த குப்பத்துப் பிள்ளைகளும் அவர்களைவிடக் கொழுகொழுவென்று இருக்கவில்லை. ரோஸா சங்கத்துக்கு எழுதினார்: எனக்குச் செய்தது போதும், இந்தக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புங்கள் என்று. பம்பாய்க்காரர்கள் கடல் கடந்திருக்கும் தங்கள் ஆட்களுக்கு எழுத, யுத்தத்துக்கு நடுவில், எந்த ஊர்க் கப்பலிலோ, தகர டப்பாக்களில் பால் பவுடர் வந்து இறங்கியது. கச்சேரி ரோட்டில் உன் அகத்துக்காரருக்கு ஒரு பழைய வண்டிக் கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கேட்கத்தான் ரோஸாவை உன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கொட்டகை கிடைத்தது. நீயே தலைவி என்றும் முடிவாயிற்று. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி பெயர் இருந்தால் சங்கத்துக்கும் நம்பிக்கையாக இருக்கும். உன் அகத்துக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டதாக நீ அவர் குரலிலேயே எனக்குச் செய்து காட்டினாய்: "பேருக்கு இரு, வேண்டாங்கல்லே. நம்மாத்து சமையல் உள்ளுக்கும் அந்தக் கொட்டகைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கப்படாது." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சங்கமும் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சொன்ன அளவில் பாலைக் கரைத்து, சூடாக, கொட்டகையிலேயே குடிக்க வைக்க வேண்டும். எதை மாற்றுவதானாலும் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும். வேறு ஏதோ ஊரில் யாரோ பாலில் தண்ணீரை விட்டுப் பெருக்கி, மிச்ச டப்பாக்களைக் கடையில் போட்டுவிட்டார்களாம். அதனால் அந்தக் கண்டிப்பு.

முதல் நாள் நீ டப்பாவைத் தொடத் தயங்கினாய். எந்தத் தேசத்துப் பால், எவர் கை பட்டது என்று உனக்குள் ஓடியது உன் முகத்தில் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ரோஸாவுக்கு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. "என் அம்மா வீட்டில் பாலுக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், கறிக்கு ஒரு தொகுதி. மாற்றி வைத்தால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம்தான்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே யார் கையும் படாத புதுப் பித்தளைப் பாத்திரங்கள் இரண்டு வாங்கி வந்து உனக்கென்று தனியாக வைத்தார். உன் ஆசாரத்தை இந்த ஊரில் உன்னைக் கேலி செய்யாமல் புரிந்துகொண்ட ஆள் அவர் ஒருத்தர்தான். நான்கூடக் கேலி செய்தவள்தான். பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புதுப் பாத்திரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த கோடையில் ரோஸாவுக்கு டைபாய்டு. மூன்று வாரம் படுக்கை. அந்த வெயிலில் டப்பாப் பால் பிள்ளைகளின் வயிற்றில் நிற்கவில்லை. குடித்த அரை மணியில் போக்கு. தாய்மார்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். குப்பத்து எல்லம்மா வந்து சண்டை போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பில் அவள் பெண், ஒன்றரை வயசு, கழுத்து நிற்காத மாதிரி சாய்ந்து கிடந்தது.

"இன்னா நர்சம்மா பால் இது? குட்ச்சா வவுத்தால போய்க்கினே கீது. பாலு குடுத்து என் கொயந்தய கொல்லப் பாக்கறியா? எனுக்கு வாணாம் உன் பாலு," என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷ நர்ஸ் படிப்பு அந்த நேரத்தில் உதவவில்லை. நீதான் வழி சொன்னாய்.

"ஏன்டி, ஆத்துல கொழந்தைக்கு வயத்தால போனா என்ன பண்ணுவோம்? பாலை நிறுத்திட்டு மோர்தானேடி குடுப்போம்? இந்தப் பாலையும் தோய்ச்சுட்டா ஆச்சு."

தயிர்க்காரியிடம் உறை வாங்கலாம் என்றேன். நீ முகத்தைச் சுளித்தாய். "அவ எந்தத் தண்ணியை விட்டிருக்காளோ. நொந்துபோன வயிறுடி அதுகளுக்கு. நான் எங்காத்து உறையைக் கொண்டு வரேன்."

மாமியாருக்குத் தெரியாமல், உன் அகத்துக்காரருக்குத் தெரியாமல், ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில், வாழையிலைத் துண்டால் மூடி, தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நீ வந்தாய். நாலு மணிக்கே வந்துவிட்டாய். சாயங்காலம் ஆகட்டுமே, வெயில் தாழட்டுமே என்றதற்கு, "விளக்கு வெச்சப்புறம் உறைமோர் ஆத்தை விட்டு வெளியில போகப்படாது" என்றாய். திருட்டுத்தனமாகக் கொண்டு வருகிறவளுக்கு இந்தச் சாஸ்திரம் வேறா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பாலை விரல் வைத்துப் பார்த்து, சூடு சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு, உன் கையாலேயே உறை குத்தினாய். யாரும் தொடாத அந்தப் பித்தளைப் பாத்திரத்தில்தான்.

மறுநாள் அதைக் கடைந்து, தண்ணீர் விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தோம். நாலே நாளில் போக்கு நின்றது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எல்லம்மாவும் வந்தாள், பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். "மோருன்னா குட்ச்சிடுதும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று டம்ளரை நீட்டினாள். கொட்டகை உறை வெயிலில் புளித்துப்போகும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை உன் வீட்டுக் கிண்ணம் வந்துகொண்டிருந்தது. எப்போதும் நாலு மணிக்கு.

ரோஸா எழுந்து வந்தார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். பிள்ளைகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். எல்லம்மாவின் பெண் கழுத்தை நிமிர்த்தி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. "இதை நான் உடனே சங்கத்துக்கு எழுத வேண்டும். யார் யோசனை, எந்த வீட்டு உறை, எல்லாம் எழுத வேண்டும்" என்று சந்தோஷப்பட்டார்.

உன் முகம் வெளுத்துவிட்டது. எழுதினால் பேர் வரும், பேர் வந்தால் பேப்பரில் வரும், பேப்பரில் வந்தால் ஆத்தில் தெரியும். ரோஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். அதுவரை நீ அவரைத் தொட்டதில்லை. நான்தான் நடுவில் நின்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர் "எழுதாமல் இருப்பது தப்பு" என்றார். பிறகு, "ஆனால் இது அவள் வீடு. அவள் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்" என்றார். எழுதவில்லை. மாத அறிக்கையில் 'பால் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் போட்டார். பாஸ்போர்ட்டை வைத்து சர்க்கார் எதிரி தேசத்தாள் என்று முத்திரை குத்தியதால், எழும்பூர் போலீஸ் ஆபீஸில் வாரா வாரம் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஒரு பொய்கூட அவரால் தாங்க முடியாது. உனக்காகத் தாங்கினார்.

ஆடி மாதம். பகல் பதினோரு மணி. சங்கத்துப் பிரதிநிதி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தலையில் சின்னக் கறுப்புத் தொப்பி, மெதுவான பேச்சு. பால் அனுப்புகிற தேசத்திலிருந்தே வந்தவர். இந்தியாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பம்பாய்க்காரர் யாராவது வந்திருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார். உன் அகத்துக்காரர் அன்று வீட்டில் இருந்தார். பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மாலையோடு உன்னையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் பாத்திரத்தில் கரண்டியை விட்டு அள்ளி ஊற்றிப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. முகர்ந்து பார்த்தார். "இது திரிந்த பால். ஒரு பங்கு பாலுக்கு மூன்று பங்கு தண்ணீர்" என்றார். ரோஸா எல்லாவற்றையும் விளக்கினார். எடை எழுதிய தாளைக் காட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்ல காரியம் என்றால் அறிக்கையில் ஏன் இல்லை?" என்று ஒரே கேள்வி கேட்டார். ரோஸா உன்னைப் பார்த்தார். உனக்குக் கொடுத்த வாக்கு அவர் வாயைக் கட்டியிருந்தது.

வந்தவர் உன் பக்கம் திரும்பினார். "நீங்கள் தலைவி. இது உங்கள் வீடுகளில் இருக்கும் வழக்கமா? உங்கள் சம்மதத்தோடு நடந்ததா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வருஷா வருஷம் பங்குனியில் உங்கள் வீட்டு வாசலில் ஊருக்கெல்லாம் ஊற்றுவது இதுதான் என்று சொல்ல வேண்டும். அதை ஊற்றுகிறவர் உன் பக்கத்திலேயே மாலையோடு நின்றார். அவரும் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று வக்கீலுக்குத் தெரியாதா. நீ அவர் முகத்தைப் பார்த்தாய். பிறகு இங்கிலீஷில் பேசினாய். என்னிடம் நீ ஒருநாளும் இங்கிலீஷ் பேசினதில்லை.

"எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இங்கே அதிகம் வருவதில்லை. எல்லாம் நர்ஸ்தான் பார்த்துக்கொள்கிறாள்."

எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. வேறு யாரோ ஒரு நர்ஸைச் சொல்கிறாய் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம்தான் அது நான் என்று புரிந்தது.

"நீதானே கொண்டு வந்தே? உங்க வீட்டு உறைதானே இது?" என்றேன். எல்லார் முன்னாலும் உன்னை 'நீ' என்றேன்.

நீ என் காலைப் பார்த்துக்கொண்டு, "எங்காத்துலேர்ந்து ஒண்ணும் வரல்லே," என்றாய்.

உன் அகத்துக்காரருக்குப் பாலைவிட அந்த 'நீ'தான் பெரிய குற்றமாகப் பட்டது. "யாரைப் பார்த்து நீ நான்னு பேசறே?" என்று என் மேல் பாய்ந்தார். பிறகு வந்தவரிடம், இந்த நர்ஸ் மிச்சப் பாலை என்ன செய்தாள் என்று விசாரிக்க வேண்டும் என்றார். போலீஸ் என்ற வார்த்தையும் வந்தது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நீ, எனக்காகவும் சேர்த்துப் பாடின நீ, இப்போதாவது வாயைத் திறப்பாய் என்று இருந்தேன். நீ புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாய்.

அப்போது ரோஸா முன்னால் வந்து நின்றார். "இது என் உத்தரவு. நர்ஸ் நான் சொன்னதைச் செய்தாள். அறிக்கையில் எழுதாததும் நான்தான்" என்றார். அவர் சொன்ன முதல் வாக்கியம் பொய். டைபாய்டில் படுத்திருந்தவர் என்ன உத்தரவு போட்டார்? அந்தப் பொய்யைச் சொன்ன ஆளுக்கு இந்த ஊரில் அம்மா இல்லை, அண்ணன் இல்லை, அகம் இல்லை. அவர் ஜனம் என்று இருந்தது அந்தச் சங்கம் ஒன்றுதான். அவர்கள் முன்னால் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றினார்.

வந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. "இந்தப் பாலைக் கொடுக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பங்கைக் குறைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள், டாக்டர். நான் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். டப்பாக்கள் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த வங்காளத்துக்குப் போயின. அங்கேயும் குழந்தைகள்தான். ஆனால் கொட்டகையை மூடிய மறுநாளும் எல்லம்மா பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, டம்ளரோடு வந்து நின்றாள்.

"இனிமே மோரு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு," என்றாள்.

இல்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது போல. அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அவள் பெண் போய்விட்டது. மோர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு அத்தாட்சி இல்லை. கழுத்து நிமிர்ந்திருந்த குழந்தை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

மயிலாப்பூரில் நான் பாலில் தண்ணீர் கலந்த நர்ஸ் ஆனேன். ரோஸா பழியை ஏற்றுக்கொண்டது சங்கத்தின் காகிதத்தில் இருந்தது, தெருவில் இல்லை. பிரசவத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். மாம்பலத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருஷம் கழித்து லஸ் முனையில் டிராமுக்கு நின்றபோது உன்னைப் பார்த்தேன். பத்தடி தூரம். நீயும் என்னைப் பார்த்தாய். பூக்காரியிடம் திரும்பி, வாங்கி முடித்த மல்லிகையை மறுபடி முழம் போடச் சொன்னாய். அவளும் போட்டாள். என் டிராம் வரும் வரைக்கும் நீ திரும்பவில்லை. கொட்டகையில் நீ சொன்னதைக்கூட, பயம் என்று ஒருநாள் தள்ளியிருப்பேன். அந்த மல்லிகையை என்னால் தள்ள முடியவில்லை. அங்கே உன் அகத்துக்காரர் இல்லை, மாமியார் இல்லை. கதவைச் சாத்தினால் கிடைக்கும் சிநேகிதி என்று நான் வைத்திருந்தது அன்றோடு போயிற்று.

யுத்தம் முடிந்து ரோஸா புறப்பட்டார். ஐரோப்பாவில் முகாம்களில் மிஞ்சியிருந்த ஜனங்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுக்க யூதர்கள் பல தேசத்திலிருந்து ஆள் சேர்த்து அனுப்பினார்கள். அதில் அவரும் ஒருத்தர். அவர் வீட்டாரில் யாரும் மிஞ்சவில்லை என்று அதற்குள் கடிதம் வந்திருந்தது. போகும் முன் மாம்பலத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். உன்னைப் பற்றிப் பேச்செடுத்ததும் நான் எரிந்து விழுந்தேன். அவர் என்னை அடக்கவில்லை.

"வியன்னாவில் பத்து வருஷம் எங்கள் வீட்டில் சர்க்கரை இரவல் வாங்கினவள் ஒருத்தி. ஒருநாள் காலையில் படிக்கட்டில் என்னைத் தெரியாது என்றாள். அவளுக்குப் பயம்கூட இல்லை, தனம். உன் சிநேகிதிக்குக் கை நடுங்கியது. நான் பார்த்தேன்" என்றார்.

கை நடுங்கியதா, எனக்குத் தெரியாது. நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அதை உனக்கு இங்கே எழுதுகிறேன். இங்கிலீஷில் இருப்பதை என்னால் முடிந்த தமிழில்.

"தனம், முகாமுக்கு வந்த குழந்தைகளுக்குப் பால் வயிற்றில் நிற்கவில்லை. டப்பா டப்பாவாக வருகிறது, குடித்ததும் போய்விடுகிறது. எனக்குக் கச்சேரி ரோடு ஞாபகம் வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடியானவப் பெண்ணிடம் உறை வாங்கினேன். தோய்த்து, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டேன். கறிவேப்பிலைக்கு எங்கே போவேன்? இந்தத் தடவை முதல் நாளே சங்கத்துக்கு எழுதிவிட்டேன். சரி, செய்யுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. குழந்தைகள் குடிக்கிறார்கள். உன் சிநேகிதியிடம் போய்ச் சொல்: அவள் வீட்டு வழக்கம் இங்கே வந்துவிட்டது. அவளுக்கு என் நன்றி. மறக்காமல் சொல்."

ஒரே வரியில் பதில் வந்ததாம். அந்த வரியைப் படித்துவிட்டு நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இங்கேயும் ஒரு வரிதான் ஆகியிருக்கும். நீ எழுத விட்டிருந்தால். அல்லது அன்றைக்கு ஆமாம் என்றிருந்தால். பல்லைக் கடித்துக்கொண்டு கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். உனக்கா நன்றி, அதையும் நான் வந்து சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒன்றரை வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்திருக்கிறாய். பஸ்ஸில் அரை மணி நேரம். நான் வரவில்லை. மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் வரவில்லை. நீ அந்தக் குற்றத்தோடேயே இருக்கட்டும் என்று இருந்தேன். அந்தக் கிண்ணத்தால் எங்கோ பனியில் சில பிள்ளைகள் பிழைத்தன என்று தெரியாமலே நீ போய்விட்டாய். அது என் வேலை.

நேற்று உன் அகத்துக்காரர் இன்னொன்றும் சொன்னார். பின்னால் கூட்டம் நெருக்கியது, ஆனால் அவருக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்தது போல. "எல்லாம் சமையல்காரர் பண்ணுவார். தண்ணி விடறதுக்கு மட்டும் யாரையும் கிட்டக்க விடமாட்டா. தானே விட்டு, தானே கரைச்சு, ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளியில அனுப்புவா. அஞ்சாறு வருஷமா அப்படி ஒரு பிடிவாதம்." இதற்கு என்ன அர்த்தம் என்று என்னை யோசிக்க வைக்காதே. பிடிவாதம் பிடித்த அந்த ஐந்தாறு வருஷத்தில் என் வீட்டுக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை.

சரி. டாக்டர் ரோஸா உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அது அவருடைய நன்றி, அதில் என்னுடையதைச் சேர்க்காதே. நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற மாதிரி நாளைக்கு ஆகுமோ என்னமோ, இன்றைக்கு இல்லை.

ஒன்றே ஒன்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கொட்டகையை மூடிய அன்று பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு கிண்ணம் மோரை மட்டும் கொட்ட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதிலிருந்து மறுநாள் தோய்த்தேன். அதிலிருந்து அதற்கு மறுநாள். புளித்தது, நீர்த்தது, ஒரு கோடையில் கெட்டே போயிற்று என்று நினைத்து மறுபடி தேறியது. வீடு மாறினபோது மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வந்தேன். உன்னோடு பேச்சில்லாத ஆறு வருஷமும் என் வீட்டில் உன் வீட்டு உறைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்து, "அக்கா, ஒரு கரண்டி உறைமோர் குடுங்க," என்று நின்றாள். எழுந்து கரண்டியை எடுக்கப் போனேன். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு வெளிச்சத்தில் வா, தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.